அரைமணி நேரச் சோறு: பின்னி ஆலையும் ஒடுகத்தூர் வண்டியும்

தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வேலையின்றி இருந்த காலத்தில், பதினோரு மாதம் ஒரு ஷூ கம்பெனியின் 'டைம் ஆபீசி'ல் இருந்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. வளர்ந்துகொண்டிருந்த கம்பெனி, நான் சேர்ந்தபோது இரண்டு 'லைன்' ஓடியது, விலகியபோது நான்கு. வாசல் எந்திரத்தில் விரல் வைத்தவர்களின் நேரத்தை மாலையில் தாளில் எடுத்து, யார் யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்து, சம்பளப் பிரிவுக்கு அனுப்புவது என் வேலை. மூன்று நிமிடம் தாமதமென்றால் அரைமணிக் கூலி வெட்டு. வெட்டியது கம்பெனிதான் என்றாலும் எழுதியது என் கை. அந்தப் பட்டியலில் எங்கள் தெரு அக்கா ஒருவரின் பெயர் மாதத்துக்கு நான்கைந்து முறை வரும். அவர் ஒடுகத்தூரில் ஏறும் அதே கம்பெனி வண்டியில்தான் நானும் ஏறுவேன். வண்டி தாமதமாக வந்தால் இருவருக்கும்தான் தாமதம். ஆனால் நான் 'ஸ்டாஃப்'. என் பெயர் அந்தத் தாளில் வராது.

கம்பெனிச் சுவரில் ஒரு பலகை உண்டு: 'நமது நிறுவனப் பண்பாடு'. நேர்மை, குழு உணர்வு, மரியாதை என்று ஏழெட்டு வரி. மாதம் ஒருமுறை மனிதவள அதிகாரி வந்து, 'நாம எல்லாரும் ஒரே குடும்பம்' என்று பேசுவார். 'பண்பாடு' என்ற சொல்லை ஆங்கிலத்தின் 'கல்ச்ச'ருக்கு நிகராகப் புழக்கத்தில் விட்டவர் டி.கே.சி. என்பார்கள். குற்றாலத்தில் கவிதை ரசித்துக்கொண்டிருந்தவரின் சொல், ஒட்டுப்பசை நாற்றமடிக்கும் கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது அப்போது. இப்போது இல்லை. நிறுவனத்தின் பண்பாடு என்பது நிறுவனம் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையாடல். அங்கே வேலை செய்பவர்களுக்கு அந்த இடம் எப்படிப்பட்டது என்பது வேறு பிரதி. அது எழுதப்படுவதே இல்லை; எழுதப்பட்டால் என் தாமதப் பட்டியல் மாதிரி, எதிராளியின் கையெழுத்தில்தான் எழுதப்படுகிறது. அந்த இரண்டாவது பிரதியைத் தமிழில் யாராவது எங்காவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் போனபோதுதான் பெரம்பூருக்கு, 1918க்கு, வந்து சேர்ந்தேன்.

அதற்குமுன் ஊரைப்பற்றிக் கொஞ்சம். ஜவ்வாது மலையடிவாரத்தில், உத்திரகாவேரிக் கரையில் இருக்கிறது ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை பேர்போனது. மலையிலிருந்து ஆடு இறங்கும், கடுக்காய் இறங்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்தில், ஆம்பூர் வாணியம்பாடித் தோல் ஷாப்புகளுக்கு வேண்டியதெல்லாம் இந்த மாதிரி ஊர்கள் வழியாகத்தான் போயின. 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு பச்சைத் தோலையும் அரைப்பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியபின், தொழில் முழுப்பதனிட்ட தோலுக்கும் பிறகு ஷூவுக்கும் நகர்ந்தது. ஷூவின் மேற்பாகம் தைப்பதற்குப் பெண்கள் வேண்டும் என்று கம்பெனிகள் முடிவு செய்தன. ஆகவே, ஆடும் கடுக்காயும் போன அதே மாதனூர் ரோட்டில், விடியற்காலையில், இப்போது பெண்கள் போகிறார்கள். பாலாறு என்ன ஆனது என்பதை 1996ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பு சொல்லும். வண்டியில் போகிறவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு அப்படியொரு ஆவணம் கிடையாது.

பெரம்பூரில் இருந்தவை இரண்டு ஆலைகள். பக்கிங்ஹாம் மில், கர்நாட்டிக் மில். நிர்வாகம் பின்னி கம்பெனி. 1870களின் பிற்பகுதியிலும் 1880களின் தொடக்கத்திலும் எழுந்த இந்த ஆலைகள் முதல் உலகப்போரில் ராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்து கொழித்தன. 1920இல் இரண்டும் சட்டப்படி ஒன்றாயின. வளரும் கம்பெனி என்பதற்கு அன்றைய சென்னையில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதோடு 'நல்ல முதலாளி' என்ற பேர் வேறு. பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, குடியிருப்பு என்று கம்பெனியைப் பாராட்டி எழுதியவர்கள் பலர். 'குடும்பம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தது இன்றைய மனிதவள அதிகாரிகள் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

1918 ஏப்ரலில் அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 27ஆம் தேதி. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. 'முதல்' பட்டத்தில் எனக்கு ஆர்வமில்லை. அது எங்கிருந்து கிளம்பியது என்பதுதான் விஷயம். பெரம்பூரில் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்றொரு வைணவ சபை. உபந்நியாசம் கேட்கத் தொழிலாளர்கள் வருவார்கள். அதை நடத்தியவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு. கதை கேட்க வந்தவர்கள் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இருவரும் அன்னி பெசன்டின் 'நியூ இந்தியா' அலுவலகத்துக்குப் போய் பி.பி. வாடியாவைப் பிடித்தார்கள். வாடியா பார்சி, பிரம்மஞான சபைக்காரர், 1917இல் பெசன்டுடன் ஊட்டியில் சிறைவைக்கப்பட்டவர். தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் பெயர்த்துச் சொன்னார்கள். தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு 'தேசபக்தன்' ஆசிரியராகியிருந்த திரு.வி.க. சங்கத்துக்குத் துணைத் தலைவரானார். ஒரு பஜனை சபை, ஒரு பார்சி, ஒரு தமிழ் வாத்தியார். வர்க்கப் போராட்டத்துக்குச் சூத்திரப்படி வேண்டிய பாத்திரங்கள் இவர்கள் அல்ல என்று மார்க்சிய நண்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் வரலாறு கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது.

அந்தத் தொழிலாளர்கள் சொன்னது என்ன? கூலி போதவில்லை என்பது இருந்தது. போர்க்காலத்தில் அரிசி, துணி விலை ஏறிக்கிடந்தது. ஆனால் அதோடு சேர்ந்து, பல சமயம் அதற்கு முன்னால், வந்தவை வேறு. வெள்ளைக்கார மேலாளர்களின் அடி, வசவு. காலை ஆறு மணிக்குத் திறக்கும் வாசலுக்கு இருட்டிலேயே வந்து நிற்பது. பன்னிரண்டு மணி நேர வேலை. அப்புறம், சோறு. மதிய இடைவேளை அரைமணி. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்து, கைகால் கழுவி, இடம் பிடித்து, தின்று, திரும்பி உள்ளே போக அரைமணி. வாடியாவின் தொடக்கப் பேச்சுகளில் இந்த அரைமணி திரும்பத் திரும்ப வருகிறது. அவருடைய பேச்சுகள் 1921இல் 'லேபர் இன் மெட்ராஸ்' என்ற நூலாக வந்தன. புத்தகத்தைப் படிக்கும்போது, பெரிய தத்துவக்காரர் ஒருவர் சோற்று நேரத்தைப்பற்றி நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுவது முதலில் விசித்திரமாகத்தான் இருந்தது. கடைசியில் நிர்வாகம் பத்து நிமிடம் கூட்டிக் கொடுத்தது. நாற்பது நிமிடம்.

பத்து நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று கேட்கத் தோன்றும். ஈ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆலைத் தொழிலாளரின் முதல் தலைமுறைக்கு நேரத்தின் முக்கியத்துவத்தை முதலாளி கற்றுக்கொடுத்தான் என்றும், அடுத்த தலைமுறை அதே நேரத்தை வைத்தே முதலாளியோடு பேரம் பேசக் கற்றுக்கொண்டது என்றும் காட்டுகிறார். கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஃபூக்கோவை இங்கே இழுத்தால், சிறை, பாசறை, பள்ளி, ஆலை எல்லாமே உடலை நிமிடம் நிமிடமாக நறுக்கிப் பழக்கும் இடங்கள் என்பார். சரிதான். ஆனால் நறுக்கப்பட்ட உடல் அந்த நறுக்கிலிருந்தே பத்து நிமிடத்தைத் திருப்பிப் பிடுங்கும் தருணத்தைப்பற்றி அவரிடம் அதிகம் இல்லை. பெரம்பூர்க்காரர்களிடம் இருக்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் அக்காவைச் சந்தையில் பார்த்தேன். பெரம்பூர்க் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, 'இன்னா தம்பி, அந்த மில்லுல கடைசியா எவ்ளோ நேரம் வுட்டாங்க?' என்றார்.

'நாப்பது நிமிஷம்க்கா.'

'பரவால்லியே. நமக்கு இன்னும் அரைமணிதான். சொல்யூஷன் வாசம் கையில இருந்தா சோறு எறங்காது. கை கழுவ லைன்ல நிக்கறதுக்கே பத்து நிமிஷம் பூடுது.'

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, குறைந்தது அரைமணி இடைவேளை தரவேண்டும் என்றுதான் எழுதியது. சுதந்திர இந்தியா சட்டமாக்கிய குறைந்தபட்சம், பெரம்பூர்க்காரர்கள் முப்பது வருடங்களுக்கு முன்பே போதாது என்று தள்ளிய அதே அரைமணி. 'குறைந்தது' என்ற சொல் நடைமுறையில் 'அதற்குமேல் கிடையாது' என்று ஆவதை டைம் ஆபீசில் உட்கார்ந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு மணி நேரமும் ஒழிந்துபோன பழங்கதை அல்ல. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக்க வழிசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் கூலிக்காக அல்ல, விடுதிச் சோற்றுக்காக. தின்றது விஷமாகிப் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

பின்னிக்குத் திரும்புவோம். சங்கம் வந்ததும் கம்பெனியின் 'குடும்ப'ப் பேச்சு எப்படி மாறியது என்பது படிக்க வேண்டிய பாடம். 1918இலேயே கதவடைப்பு. 1920இல் மறுபடி, அந்த டிசம்பரில் துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர்கள். பிறகு வழக்கு: வேலை ஒப்பந்தத்தை மீறும்படி ஆட்களைத் தூண்டியதாக வாடியா மீதும் மற்றவர்கள் மீதும். உயர்நீதிமன்றத்தில் தடையாணை, 7,000 பவுன் நஷ்டஈடு. வாடியா சங்கத்தைவிட்டு விலகினால் வழக்கை விட்டுவிடுகிறோம் என்று சமரசம். விலகினார். சங்கம் நடத்துவதே சட்டப்படி குற்றமாகலாம் என்ற இந்த நிலையைப் பார்த்துத்தான் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் குரலெழுப்பினார், 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இன்று எந்தச் சங்கம் பதிவு எண் வாங்கினாலும் அதில் பெரம்பூரின் பங்கு இருக்கிறது. 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததும், கூலியைவிட முக்கியமாக, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யத்தான். சங்கத்தின் பெயரில் தன் பெயர் வரக்கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. பிள்ளைகள் குடும்பப் பெயரைப் போட்டுக்கொள்வதில் குடும்பத் தலைவருக்கே ஆட்சேபம்.

இதுவரை சொன்னது வசதியான கதை. முதலாளி ஒருபுறம், தொழிலாளி மறுபுறம். நம் இடதுசாரி வரலாற்று நூல்களில் பல இங்கே வேகமாக நடந்து அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றன. காரணம் 1921.

அந்த ஆண்டு மே மாதம் கர்நாட்டிக் மில்லில் கூலித் தகராறு, கதவடைப்பு. ஜூனில் பக்கிங்ஹாம் தொழிலாளர்கள் ஆதரவாக வெளியேறினார்கள். ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைநிறுத்தத்தில் நிற்கவில்லை. எம்.சி. ராஜா அவர்களை வேலைக்குத் திரும்பச் சொன்னார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபுறம், ஆதி திராவிடர்கள் மறுபுறம் என்று மாதக்கணக்கில் கலவரம். ஆகஸ்ட் 29 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆதி திராவிடக் குடும்பங்களை அரசு வியாசர்பாடி முகாமுக்குக் கொண்டுபோனது. நீதிக் கட்சிப் பிரமுகர்கள், தொழிலாளர் துறை ஆதி திராவிடர்களுக்குச் செல்லம் கொடுப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார்கள். ராஜா 1923இல் அந்தக் கட்சியைவிட்டே வெளியேறினார். வேலைநிறுத்தம் அக்டோபரில் தோற்றது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். 'தொழிலாளர் துறை' என்று சொன்னேனே, 1920ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்தில் உருவான அந்தத் துறையின் முதல் வேலை ஆலைத் தொழிலாளரைப் பார்ப்பதல்ல; பஞ்சமர்களுக்கு வீட்டுமனை, பள்ளி, கிணறு ஏற்பாடு செய்வது. அரசாங்கத்தின் அகராதியில் 'லேபர்' என்றால் சேரிக்காரன். திரு.வி.க.வின் மேடையில் 'தொழிலாளர்' என்றால் சங்கத்தில் திரண்டவன். ஒரே சொல், இரண்டு மக்கள். ஆலைக்குள் ஒரே விசில் கேட்டவர்கள், வெளியே வந்ததும் வேறு வேறு தெருவுக்குப் போனவர்கள். திரு.வி.க. தன் 'வாழ்க்கைக் குறிப்புக'ளில் சங்க நாட்களை உருக்கத்தோடு நினைவுகூர்கிறார். அவர் மனசு சுத்தமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வைணவ உபந்நியாசம் கேட்கக் கூடிய ஒரு சபையிலிருந்து முளைத்த சங்கத்தில், ஆதி திராவிடன் எந்த வரிசையில் உட்கார்ந்திருப்பான் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. 'கம்பெனிக்காரன் சாதியைத் தூண்டிவிட்டான்' என்று மட்டும் சொல்வது அரை உண்மை. கம்பெனி பயன்படுத்திக்கொண்டது, அரசும் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் அவர்கள் பயன்படுத்திய விரிசல் அவர்கள் உண்டாக்கியதல்ல. கல்கத்தா சணல் ஆலைகளைப்பற்றி தீபேஷ் சக்ரவர்த்தி 1989இல் எழுதிய நூல், தொழிலாளி ஊரிலிருந்து கொண்டுவரும் படிநிலைகள் ஆலை வாசலில் கழன்று விழுந்துவிடும் என்ற நம்பிக்கையைத்தான் கேள்வி கேட்டது. தமிழில் அந்தக் கேள்வியைப் பெரம்பூரை வைத்தே கேட்டிருக்கலாம். திலீப் வீரராகவனின் சென்னைத் தொழிலாளர் வரலாறு, அவர் இறந்தபின் 2013இல், ஆங்கிலத்தில்தான் புத்தகமானது.

இன்னொன்று. மாதக்கணக்கில் கூலியில்லாமல் நிற்க யாரால் முடியும்? ஊரில் காணி உள்ளவனால், கடைக்காரன் கடன் கொடுக்கும் சாதிக்காரனால், முடியும். அன்றன்றைய கூலியில் அடுப்பெரிப்பவனுக்கு வேலைநிறுத்தத்தின் நாட்காட்டி வேறு. இதைக் 'கருங்காலித்தனம்' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட முடியாது. நான் இப்படி எழுதுவதற்குப் படிப்பு மட்டும் காரணமல்ல.

எங்கள் வண்டி ஒடுகத்தூரில் இரண்டு இடத்தில் நிற்கும். பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை. அதைத் தாண்டி காலனி முனையில் ஒருமுறை. கம்பெனியில் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஆனாலும் அந்த அரைமணியில் பெண்கள் வட்டம் போட்டு உட்காருவது வண்டி 'ஸ்டாப்' வாரியாகத்தான் இருக்கும். குழம்பு ஒரு வட்டத்துக்குள் கைமாறும். வட்டம் தாண்டிப் போவது அபூர்வம். 'ஒரே வண்டியில வர்றவங்க ஒண்ணா உக்கார்றாங்க, அவ்வளவுதான்' என்று சூப்பர்வைசர் சொன்னார். ஒரே வண்டிதான், சார். ஸ்டாப்தான் வேறு.

நான் சேர்ந்த எட்டாவது மாதம், தீபாவளிக்கு முன், போனஸ் குறைந்ததென்று பெண்கள் சாப்பாட்டுக்குப்பின் 'லைனு'க்குத் திரும்பாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சங்கம் என்று ஒன்றுமில்லை. யாரும் தலைமை தாங்கவில்லை. இரண்டு ஸ்டாப் பெண்களும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். எங்கள் அக்காதான் அதிகமாகப் பேசினார். கம்பெனி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல வண்டியை அனுப்பியது. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தியும் ஏறவில்லை. காலனி முனையில் ஏறினார்கள். எல்லோரும் இல்லை, பாதிக்குமேல். ஏறியவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் நான் கேட்காமலே சொன்னாள்: 'நாளைக்கு தவணைக்காரன் வருவான்ணா. அவங்களுக்கு வூட்டுக்காரு சம்பாத்தியம் இருக்குது, நெலம் இருக்குது. எனக்கு இன்னா இருக்குது?'

மூன்றாம் நாள் மற்றவர்களும் வந்தார்கள். போனஸ் கூடவில்லை. அதன்பிறகு பல மாதம் வண்டிக்குள் இரண்டு ஸ்டாப்புக்காரர்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'அவளுங்க ஏறாம இருந்திருந்தா...' என்று அக்கா என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். நான் ஒன்றும் சொன்னதில்லை. அப்போது எனக்கு 1921 தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

பெரம்பூர் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. கூடங்களில் கொஞ்ச காலம் சினிமாக்காரர்கள் சண்டைக்காட்சி எடுத்தார்கள். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள்.

அந்த இரண்டு நாட்களின் வருகைப் பதிவை நான்தான் எழுதினேன். ஏறியவர்களுக்கு 'பி', ஏறாதவர்களுக்கு 'ஏ'. 'ஏ' போட்டவர்களுக்கு எதிரில் 'முன் அனுமதியின்றி' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். 'பி' போட்டவர்களுக்கு எதிரில் எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது.